காணியை ஈடு வைக்குமுன்

சென்ற கிழமை எமது பணிமனைக்கு வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர் வந்திருந்தார். எட்டுப் பரப்புச் செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்து மூன்று பிள்ளைகளை வளர்த்தவர். மூத்த மகன் க. பொ. த. உயர்தரப் பரீட்சையில் மூன்று பாடங்களிலும் சித்தியெய்தினான். ஆயினும் அரச பல்கலைக் கழகத்துக்குரிய வெட்டுப்புள்ளியை அவன் எட்டவில்லை. கொழும்பிலுள்ள ஒரு தனியார் நிறுவனம் வெளிநாட்டுப் பட்டம் தருவதாக விளம்பரம் செய்திருந்தது. தந்தையார் மூன்று பரப்புக் காணியை ஈடு வைத்தார். தாயாரின் தாலிக்கொடி ஒன்றைத் தவிர ஏனைய நகைகள் அடகுக் கடைக்குப் போயின. மூன்று ஆண்டுகள் கழிந்தன. பட்டச் சான்றிதழும் வந்தது. மகன் அரசாங்க உத்தியோகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தபோதுதான், அப்பட்டத்தை வழங்கிய வெளிநாட்டுப் பல்கலைக் கழகம் அங்கீகாரம் பெற்ற பட்டியலில் இல்லை என்ற மறுமொழி கிடைத்தது.

அந்தப் பெரியவர் எம்மிடம் உதவி கேட்டு வரவில்லை. அந்நிறுவனத்தைத் தாக்கி எழுதுமாறும் அவர் சொல்லவில்லை. ஒரேயொரு வினாவை மாத்திரம் கேட்டார்: "காசு கட்டுறதுக்கு முன்னம் நான் இதை ஆரிட்டைக் கேட்டிருக்க வேணும்?"

எளிய வினாதான். எனினும், கல்வியே தன் செல்வமென்று மார்தட்டிக் கொள்ளும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வினாவுக்கு உடனே விடை சொல்ல எம்மால் இயலாது போயிற்று. வெங்காயத்துக்கு நோய் கண்டால் கேட்பதற்கு விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். காணித் தகராறு வந்தால் சட்டத்தரணி இருக்கிறார். ஒரு பிள்ளையின் வாழ்நாளையும் ஒரு குடும்பத்தின் காணியையும் ஒருங்கே பணயம் வைக்கும் வேளையில் கேட்பதற்கு ஆளில்லை! இது அந்தத் தந்தையின் அறியாமையன்று. நம் சமூகத்தின் குறை. இக்குறையைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுகின்றோம்.

இலவசமாய் வளர்ந்த கல்வி

ஆறில்லாத நாடு நமது நாடு. கிணற்று நீரை இறைத்து இறைத்துப் பயிர் செய்த நம் முன்னோர், தமது பிள்ளைகளுக்குத் துலாவும் மண்வெட்டியும் மாத்திரம் போதாது என்பதை நன்குணர்ந்திருந்தனர். 1823-இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரியை நிறுவியபோது, ஏழை வீட்டுப் பிள்ளைகளும் அங்கே தங்கிப் பயில வழி பிறந்தது. 1857-இல் சென்னைப் பல்கலைக் கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்தோர் இருவர். ஒருவர் கறோல் விசுவநாதபிள்ளை. மற்றவர் சிறுப்பிட்டியிற் பிறந்து, பின்னாளிற் பழந்தமிழ் ஏடுகளை அச்சேற்றிப் புகழ் பெற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை. இருவரும் வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர்களே. சிறுப்பிட்டி அன்றும் கமக்காரரின் ஊர். இன்றும் கமக்காரரின் ஊர்தான்.

1945-இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் பாலர் வகுப்பு முதல் பல்கலைக் கழகம் வரை இலவசக் கல்வி வந்தது. அதன் பயனைக் குடாநாடு முழுதாக நுகர்ந்தது. வைத்தியர், பொறியியலாளர், கணக்காளர், ஆசிரியர் என்று இவ்வேட்டைப் படிப்போரிற் பலர் அந்த இலவசக் கல்வியின் பிள்ளைகளே. காணியை விற்காமற் படித்தவர்கள் அவர்கள்.

இந்த வாயில் பின்னர் ஒடுங்கியது. 1971-ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவம் பயிலத் தமிழ் மொழி மூல மாணவனுக்கு 250 புள்ளிகளும் சிங்கள மொழி மூல மாணவனுக்கு 229 புள்ளிகளும் வேண்டப்பட்ட கதையையும், அதன் பின் வந்த தரப்படுத்தலின் கதையையும் நம் வாசகருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. அந்தக் காயத்தின் தழும்பு இன்னும் மாறவில்லை. இன்றைய நிலை வேறு. நாட்டு அடிப்படையிலான திறமைக்கு ஒரு பங்கு, மாவட்டத்துக்கு ஒரு பங்கு, கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு ஒரு சிறு பங்கு என்று இடங்கள் பகிரப்படுகின்றன. 2001 முதல் இசட் புள்ளி முறை வழக்கில் இருக்கின்றது. ஆயினும் உயர்தரப் பரீட்சையிற் பல்கலைக் கழகத்துக்கு வேண்டிய தகுதியைப் பெறும் பிள்ளைகளுள் இந்நாடு முழுவதிலும் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே அரச பல்கலைக் கழகத்தில் இடம் கிடைக்கின்றது. எஞ்சிய மூவரும் தகுதியற்றவரல்லர், இடமற்றவர். அந்த மூவருக்கு யார் வழி காட்டுவது?

காத்திருப்பும் அவசரமும்

இம்மூவரின் துன்பத்தைப் பெருக்குவது காலதாமதம். 2022-ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் நடைபெற்றது. அதன் பெறுபேறுகள் அவ்வாண்டு செப்டெம்பரில் வெளியாயின. நோயும் பொருளாதார நெருக்கடியும் அத்தாமதத்துக்குக் காரணங்கள் எனலாம். ஆனாற் சாதாரண காலத்திலும் பரீட்சை எழுதிய பிள்ளை பல்கலைக் கழக வாயிலை மிதிக்க ஓராண்டுக்கு மேற் சென்றுவிடுகின்றது. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, தெரிவுக் கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் மாதக் கணக்கிற் காத்திருக்கும் பெற்றோர் மனம் சலிக்கின்றனர். அந்தச் சலிப்பின் வேளை பார்த்தே விளம்பரக்காரர் வருகின்றனர். "இன்றே பதிவு செய்க, இடங்கள் சிலவே உள" என்ற சொற்களைக் கண்டு, இரண்டாண்டு காத்திருந்த தந்தை இரண்டு நாளிற் காணியை எழுதிக் கொடுத்து விடுகின்றார்.

தனியார் நிறுவனங்கள் யாவும் ஏமாற்றுவன என்று நாம் கூறவில்லை. சட்டப்படி அங்கீகாரம் பெற்று ஒழுங்காகக் கற்பிப்பனவும் உள. ஆயினும், பதரையும் நெல்லையும் பிரித்தறியச் சுளகு வேண்டும். அந்தச் சுளகு இன்று நம் கமக்காரர் கையில் இல்லை. உயர்தர வகுப்புக்கான தனியார் கல்வி நிலையங்களுக்கு ஆண்டுக் கணக்கிற் பணம் கட்டுகின்றோம். பரீட்சை முடிந்தபின் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அறிய ஒரு நாளையேனும் செலவிடுகின்றோமா?

அருகிலுள்ள கதவுகள்

குறைந்த செலவிற் படிக்கத்தக்க, மதிப்புள்ள இடங்கள் நமக்கு அண்மையிலேயே உள்ளன. அவற்றை நாம் காண்பதில்லை, கண்டாலும் மதிப்பதில்லை.

ஆசிரியராக விரும்பும் பிள்ளைக்குக் கோப்பாயிலே தேசியக் கல்வியியற் கல்லூரி இருக்கின்றது. அங்கே கற்கைக் கட்டணமின்றி மூன்றாண்டுப் பயிற்சி. அதில் ஓராண்டு பாடசாலையிலேயே கட்டுறுபயிற்சி. குருநகரிலே உயர் தொழில்நுட்ப நிறுவகம் உள்ளது. 1995-ஆம் ஆண்டின் சட்டத்தின் வழி வந்த அரச நிறுவனம் அது. கணக்கியல், தகவல் தொழில்நுட்பம், ஆங்கிலம் முதலிய துறைகளில் உயர் தேசிய டிப்ளோமா பெறலாம். முழுநேர மாணவரிடம் கற்கைக் கட்டணம் வாங்குவதில்லை. விஞ்ஞானம் படித்த பிள்ளைகளுக்குத் தாதியர் பயிற்சிக் கல்லூரி உண்டு. பயிலும் காலத்திலேயே அரசாங்கம் படி கொடுக்கின்றது.

1980-இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக் கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய நிலையம் உண்டு. அது கட்டணம் வாங்குகின்றது. ஆனால் பாடம் பாடமாக, ஆண்டுக்கு ஆண்டு கட்டக்கூடிய கட்டணம் அது. பகலிலே தோட்டத்திலோ கடையிலோ உழைத்துக்கொண்டு படிக்கலாம். அதன் பட்டம் அரச பல்கலைக் கழகமொன்றின் பட்டம். கைவினையில் நாட்டமுள்ள பிள்ளைக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரிலே, ஜேர்மன் அரசின் உதவியுடன் 2016-இல் திறக்கப்பட்ட தொழிற்பயிற்சி நிலையம் இருக்கின்றது. தேசிய தொழில் தகைமை என்னும் ஏணிக்கு ஏழு படிகள்; ஏழாவது படி பட்டத்துக்கு நிகர். கீழ்ப்படியில் இயந்திரத் தொழிலாளியாகத் தொடங்குபவன், இரத்மலானையிலுள்ள தொழில்நுட்பவியற் பல்கலைக் கழகம் வரை ஏறலாம்.

அரச பல்கலைக் கழகத்துக்கு விண்ணப்பிப்போரும் தம் வாயில்களை அறியாமல் இழக்கின்றனர். வைத்தியம், பொறியியல் என்ற இரண்டுக்கு அப்பாற் பார்க்காது விண்ணப்பப் படிவத்தை நிரப்புகின்றனர். கைதடியிலே சித்த மருத்துவம் இருக்கின்றது. கிளிநொச்சியிலே விவசாய பீடமும் பொறியியற் பீடமும் தொழில்நுட்ப பீடமும் உள. 2021 ஓகஸ்டு முதல் வவுனியா தனிப் பல்கலைக் கழகம். மட்டக்களப்பிற் கிழக்குப் பல்கலைக் கழகம். ஒலுவிலிற் தென்கிழக்குப் பல்கலைக் கழகம். இசை, நடனம், கட்டடக்கலை போன்ற சில துறைகளுக்கு உளச்சார்புப் பரீட்சை வேறாக உண்டு. அதற்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும் என்பதை அறியாது வாய்ப்பை இழந்தோரை நாம் அறிவோம். விருப்பத் தெரிவுகளை எந்த ஒழுங்கில் எழுதுகின்றோமோ அந்த ஒழுங்கிலேயே இடம் பார்க்கப்படும். எனவே அப்படிவத்தை நிரப்பும் அரை மணி நேரம், பரீட்சை எழுதிய மூன்று மணி நேரத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

கற்கைக் கட்டணம் இல்லையென்றால் செலவே இல்லை என்பதும் தவறு. பேராதனையிலோ மொறட்டுவையிலோ பயிலும் பிள்ளைக்கு அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து என்று மாதந்தோறும் பணம் வேண்டும். 1981-இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசில் 2025-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தின்படி மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வரவேற்கின்றோம். ஆனால் இன்றைய விலைவாசியில் அது அரிசிக்கும் கறிக்கும் போதுமா என்பதை வீட்டுக் கணக்கைப் பார்ப்போர் அறிவர். இந்திய அரசும் இலங்கை மாணவருக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில் போன்றவற்றை ஆண்டுதோறும் வழங்குகின்றது. உரிய நாளில் விண்ணப்பிக்காமையே இவற்றை நம்மவர் இழப்பதற்குப் பெரும்பாலும் காரணம்.

நற்பெயர் எங்கே பிறக்கிறது?

"இவையெல்லாம் இரண்டாந்தர இடங்கள், ஊரார் என்ன சொல்வார்கள்?" என்று கேட்கும் பெற்றோர் உளர். அவர்களுக்கு ஒரு வரலாற்றை எடுத்துரைக்க விரும்புகின்றோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921-இல் திருநெல்வேலியிற் பரமேசுவராக் கல்லூரியை நிறுவினார். அந்த வளவிலேதான் 1974-இல் யாழ்ப்பாண வளாகம் திறக்கப்பட்டது. அன்று அதனை ஐயத்தோடு நோக்கியவர்கள் நம்மிடையே பலர். இது கொழும்பாகுமா, பேராதனையாகுமா என்று எள்ளியவர்களும் உண்டு. 1979-இல் அது தனிப் பல்கலைக் கழகமாயிற்று. 1978-இல் தொடங்கிய அதன் மருத்துவ பீடத்திற் கற்றவர்களே, போர்க்காலத்தில் மருந்தும் மின்சாரமும் இல்லாத நாட்களில் இக்குடாநாட்டின் ஆஸ்பத்திரிகளைத் தாங்கி நின்றனர். இன்று அந்தப் பல்கலைக் கழகத்தை இரண்டாந்தரம் என்று சொல்ல யாருக்கு நாவெழும்?

கட்டடமும் விளம்பரமும் ஒரு கல்விக் கூடத்துக்கு நற்பெயர் ஈட்டித் தருவதில்லை. அங்கே கற்பிப்பவரின் தகைமையும் அதன் பட்டத்துக்குச் சட்டம் தரும் மதிப்புமே தருகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக அங்கே கற்று வெளியேறியவரின் வேலை தருகின்றது. கோப்பாயிற் பயின்ற நல்லாசிரியர், ஊர் பேர் தெரியாத வெளிநாட்டுப் பட்டதாரியிலும் ஆயிரம் மடங்கு மேலானவர். இதனை ஊரார் ஏற்கும் வரை காத்திராமல், ஊராருக்கு எடுத்துச் சொல்வது படித்தவர் கடன்.

கேட்க வேண்டிய நான்கு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் பழமொழி. அந்தக் கமக்காரர் கேட்ட வினாவுக்கு விடையாக, எந்த நிறுவனத்துக்கும் ஒரு சதமேனும் கட்டுமுன் கேட்க வேண்டியவை நான்கு என்று சொல்லுவோம்.

முதலாவது: இப்பட்டத்தை வழங்குவது யார்? இந்நாட்டுத் தனியார் நிறுவனமாயின் 1978-ஆம் ஆண்டின் பல்கலைக் கழகச் சட்டத்து 25 ஏ பிரிவின் கீழ்ப் பட்டம் வழங்க அனுமதி பெற்றதா என்று பார்க்க வேண்டும். அனுமதி நிறுவனத்துக்கு மாத்திரமன்றி, பிள்ளை சேரும் குறிப்பிட்ட பாடநெறிக்கும் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டமாயின் அதனை வழங்கும் பல்கலைக் கழகத்தை நமது பல்கலைக் கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா என்று அவ்வாணைக்குழுவிடமே எழுதிக் கேட்க வேண்டும். நிறுவனத்தின் முகவர் சொல்லும் சொல் இதற்குச் சான்றாகாது.

இரண்டாவது: அத்தொழிலுக்குரிய சபை இப்பட்டத்தை ஏற்குமா? மாலபேயில் இயங்கிய தனியார் மருத்துவக் கல்லூரியின் கதையை நாடு அறியும். பெருந்தொகை கட்டிப் பயின்ற அம்மாணவரைப் பதிவு செய்ய மருத்துவச் சபை மறுத்தது. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2018-இல் அம்மாணவர் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக் கழகத்துக்கு மாற்றப்படும் வரை ஆண்டுகள் பல வீணாயின. அவர்கள் செய்த பிழை யாது? பணம் கட்டுமுன் இந்த இரண்டாவது வினாவுக்கு உறுதியான விடை பெறாமையே.

மூன்றாவது: மொத்தச் செலவு எவ்வளவு? முதல் தவணையைச் சொல்லி மயக்குவோர் உளர். பதிவுக் கட்டணம், பரீட்சைக் கட்டணம், வெளிநாட்டு நாணயத்திற் கட்ட வேண்டிய பங்கு, கொழும்பில் தங்கும் செலவு யாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்ட வேண்டும். நாணயப் பெறுமதி வீழ்ந்தால் என்னாகும் என்பதை 2022-ஆம் ஆண்டு நமக்குக் கற்பித்திருக்கின்றது. அரச பல்கலைக் கழகத்துக்குத் தெரிவாகாத மாணவருக்கென 2017-இல் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்றை அரசாங்கம் தொடங்கியது. அத்திட்டத்தின் கீழ் வரும் பாடநெறியா என்று கேட்பது பணத்துக்கும் நல்லது. தரத்துக்கும் ஓர் உரைகல்.

நான்காவது: இங்கே கற்று முடித்தவர் எங்கே வேலை செய்கின்றனர்? சுவரிலுள்ள படங்களைக் காட்டினாற் போதாது. மூவரைத் தேடிப் பிடித்து நேரிற் பேச வேண்டும். மாடு வாங்கப் போனாற் பல்லைப் பிடித்துப் பார்க்கின்றோம். மகனுக்குப் படிப்பு வாங்கும்போது விளம்பரத் தாளை மாத்திரம் பார்ப்பது தகுமா?

யார் யார் கடன்?

நான்கு வினாக்களையும் கேட்பது பெற்றோர் கடன். விடை கிடைக்கச் செய்வது பிறர் கடன்.

அரசாங்கம் பரீட்சைக்கும் பல்கலைக் கழக அனுமதிக்கும் இடையிலுள்ள காலத்தைச் சுருக்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள், பாடநெறிகள் ஆகியவற்றின் பட்டியலை ஆண்டுதோறும் பெறுபேறு வெளியாகும் நாளிலேயே தமிழில் வெளியிட வேண்டும். வட மாகாணக் கல்வித் திணைக்களம், கோப்பாய் முதல் கிளிநொச்சி வரையுள்ள எல்லா வழிகளையும், ஒவ்வொன்றின் தகைமையையும், கட்டணத்தையும், விண்ணப்ப காலத்தையும் ஒரு சிறு கைந்நூலாக அச்சிட்டு உயர்தர வகுப்பு மாணவர் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். இதற்குக் கோடிகள் தேவையில்லை, மனம் தேவை.

பாடசாலை அதிபர்மாருக்கு ஒரு சொல். பெறுபேறு வந்ததும் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தெரிவானோரின் படங்களை வாயிலிற் பெரிதாகத் தொங்கவிடுகின்றீர்கள். அது முறையே. ஆயினும் அந்தப் பதாகையில் இடம்பெறாத பிள்ளைகளும் உங்கள் பிள்ளைகளல்லவா? அவர்கள் எங்கே போனார்கள் என்பதற்கு உங்களிடம் ஓர் ஏடு உண்டா? ஒவ்வொரு பாடசாலையிலும் ஓர் ஆசிரியரை இதற்கென நியமித்து, பரீட்சை முடிந்த மறுவாரமே பெற்றோரை அழைத்துப் பேசச் செய்யுங்கள். காத்திருக்கும் மாதங்களில் ஆங்கிலமும் கணினியும் கற்குமாறு மாணவரைத் தூண்டுங்கள். தமிழிற் பயின்று சென்று பல்கலைக் கழகத்தில் ஆங்கிலத்தாற் தடுமாறும் பிள்ளைகளுக்கு அதுவே பேருதவியாகும்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒன்று. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் உள்ள நம் மக்கள் தாம் படித்த பாடசாலைகளுக்கு அள்ளிக் கொடுக்கின்றனர், நன்றி. ஆனால் அப்பணத்திற் பெரும் பகுதி மதிலுக்கும் மண்டபத்துக்கும் வளைவுக்கும் போகின்றது. ஒரு வளைவு கட்டும் பணத்தை வட்டியில்லாக் கடனாகச் சுழலவிட்டால், எத்தனை பிள்ளைகளின் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் நிறைவேறும்! படித்து உழைத்து அவர்கள் திருப்பிக் கட்டுவர். அடுத்த பிள்ளை படிக்கும். வளைவு வெயிலில் நிற்கும். பிள்ளை ஊரைத் தாங்கி நிற்கும்.

இறுதியாக, இவ்வேட்டைப் படிக்கும் வைத்தியரே, சட்டத்தரணியே, பொறியியலாளரே, கணக்காளரே! உமது ஊரிற் சனசமூக நிலையம் ஒன்று இருக்கின்றது. அங்கே மாலையிற் பத்திரிகை படிக்க வரும் கமக்காரர் உமது உறவினர். மாதத்தில் ஒரு மாலை நேரம் அங்கே போய் அமர்வீராக. பெற்றோர் கொண்டுவரும் விளம்பரத் தாளை வாங்கிப் படித்துப் பார்ப்பீராக. ஆணைக்குழுவுக்கு எழுத வேண்டிய கடிதத்தை எழுதிக் கொடுப்பீராக. உமக்கு அது ஒரு மணி நேரம். அவருக்கு அது மூன்று பரப்புக் காணி.

எம்மிடம் வந்த அந்தப் பெரியவரின் இளைய மகள் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சை எழுதுகின்றாள். எஞ்சியிருக்கும் ஐந்து பரப்பும் அவளுக்காக ஈட்டுக்குப் போகுமா, போகாதா என்பது அவளுடைய புள்ளிகளை மாத்திரம் பொறுத்ததன்று. அவளுடைய தந்தை மறுமுறையும் அதே வினாவைக் கேட்கும்போது, விடை சொல்ல அவ்வூரில் ஒருவராவது இருப்பாரா என்பதையும் பொறுத்தது.